அவுட்பேக் போகும் குடும்பங்கள் புறப்படுமுன் செய்ய வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், படிப்புக்கோ வேலைக்கோ பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்ட வீடுகள் இப்போது பல உண்டு. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் உறவினரும் நகரங்களோடு திரும்பிவிட விரும்பாமல், அவுட்பேக் என்று அங்கே சொல்லப்படும் உட்புறச் செம்மண் வெளியில் கூடாரம் அடித்துத் தங்கவும் ஆசைப்படுகிறார்கள். நாங்கள் மூன்று குடும்பங்கள், 11 பேர், இரண்டு வண்டிகளில் தெற்குக் கரையோர நகரமான அடிலெய்டிலிருந்து, நாட்டின் நடுவே நிற்கும் உலுரு என்னும் பெரும்பாறை வரை போய் வந்தோம். அப்போது கற்றதை, இனிப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

நம்மிடம் ஊறிப்போன ஒரு பழக்கத்தை முதலில் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். "வழியில் வாங்கிக்கொள்ளலாம்" என்பதுதான் அது. நம் நெடுஞ்சாலையில் சற்றுத் தூரம் போனாலே ஓய்விடமும் உணவுக்கடையும் கழிப்பறையும் வந்துவிடுவதால், தண்ணீரையும் பெட்ரோலையும் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. தெற்கில் போர்ட் அகஸ்டாவையும் வடக்கில் டார்வினையும் சுமார் 2,700 கிலோமீட்டர் நீளத்தில் இணைக்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையிலோ, கிளெண்டாம்போவை விட்டால் கூபர் பெடி வரும் வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டருக்கு எரிபொருள் கிடையாது. ஆகவே, கலன் பாதியாகக் குறைந்திருக்கும்போது எந்த நிலையம் தென்பட்டாலும் நிறுத்தி நிரப்பிக்கொள்ளுங்கள், விலை கூடுதலாக இருந்தாலும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

தூரத்தை நம் நாட்டு அளவில் வைத்துப் பார்த்தால்தான் மனத்தில் பதியும். வடக்கே தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 772 கிலோமீட்டர். அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போவது அதைப் போல இரண்டு மடங்கு. அங்கிருந்து உலுருவுக்கு இன்னும் 450 கிலோமீட்டர் இருக்கிறது. வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் உடன் வருவதானால் ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள், போகவர இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

ஆண்டிறுதி விடுமுறைதான் நமக்கு வசதி என்றாலும், டிசம்பரில் அந்த மத்தியப் பகுதியில் வெயில் 40 பாகையைத் தாண்டும் என்பதால் அப்போது போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மே முதல் செப்டம்பர் வரை பகல் இதமாக இருக்கும், ஆனால் ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழேயும் இறங்கும். நாங்கள் சாயங்காலம் துவைத்துக் கொடியில் போட்ட கைலி ஒன்று, விடியற்காலையில் பலகை போல் விறைத்து நின்றது. கேமரன் மலைக்குக் கொண்டுபோகும் குளிர்ச்சட்டை அந்தக் குளிருக்குப் போதாது. சுழியப் பாகை தாங்கும் படுக்கைப் பையும், தரையின் குளிர் முதுகில் ஏறாதபடி அடியில் விரிக்கத் தடித்த மெத்தை விரிப்பும் ஆளுக்கொன்று வேண்டும்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் ஈடிஏ என்னும் பயண அனுமதிக்குக் கைப்பேசிச் செயலி வழியாக விண்ணப்பிக்கலாம். வண்டி ஓட்டுகிறவர்கள் ஜேபிஜே என்னும் நம் சாலைப் போக்குவரத்து இலாகா வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. தோட்டத்து மக்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய இடம் விமான நிலையச் சோதனை. நாட்டுக்குள் நுழையும்போது நிரப்பும் அட்டையில், கடந்த 30 நாளில் பண்ணைகளுக்கோ பண்ணை விலங்குகளின் பக்கமோ போனீர்களா என்று ஒரு கேள்வி வரும். செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்து, வீட்டில் ஆடு மாடும் வைத்திருப்பவர்கள் அதற்குத் தயங்காமல் "ஆம்" என்றே குறிக்க வேண்டும். மறைத்தால்தான் சிக்கல், ஒப்புக்கொண்டால் காலணியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். தோட்டத்துச் சேறு ஒட்டிய காலணியையும், முன்பு உபயோகித்த கூடாரத்தையும், கூடாரத்தின் ஆணிகளையும் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவி உலர்த்திய பிறகே பெட்டியில் வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலையையும் பழங்களையும் கொண்டுபோகாதீர்கள். அடைத்து விற்கும் மசாலைத்தூள், நெத்திலி, ஊறுகாய் என்று உண்ணும் பொருள் எது இருந்தாலும் அட்டையில் எழுதிவிடுங்கள். எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது என்பதால், அடுப்பை இங்கிருந்து எடுத்துப் போனாலும் வாயுவை அங்கேதான் வாங்க வேண்டும்.

அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது நமக்கு ஒரு சுலபம். இரவில் ஓட்டுவதை மட்டும் அடியோடு தவிருங்கள். அந்தி சாய்ந்ததும் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும், மேய்ச்சல் நிலத்துக்கு வேலி இல்லாத இடங்களில் மாடுகளும் குறுக்கே நிற்கும். வாடகை ஒப்பந்தங்களிலும் நகருக்கு வெளியே இரவில் ஓட்டவும், தார் போடாத சாலையில் சாதாரணக் காரை இறக்கவும் பெரும்பாலும் தடை இருப்பதால், கையெழுத்திடுமுன் அந்தப் பக்கங்களைப் பொறுமையாகப் படியுங்கள். மூன்று, நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு 50 மீட்டருக்கு மேல் நீளமாக வரும் 'ரோட் டிரெயின்' லாரி எதிரே வரும்போது, காற்று முதலில் வண்டியைத் தள்ளிப் பிறகு தன் பக்கம் இழுக்கும். ஸ்டீயரிங்கை இரு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து, இடப்பக்கமாக ஒதுங்கிக்கொள்ளுங்கள். அதை முந்துவதற்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாலை நேராகவும் காலியாகவும் இருக்க வேண்டும்.

தண்ணீருக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். ஒரு நாள் அளவை அவசரத்துக்கென்று தொடாமல் வைத்திருங்கள். ஒரே பெரிய தோம்பில் நிரப்பாமல் பத்து லிட்டர் கலன்களாகப் பிரித்து இரு வண்டிகளிலும் ஏற்றினால், ஒன்று கசிந்தாலும் மற்றவை மிஞ்சும். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பொதுக்குழாயடியில் வரிசை நின்று வளர்ந்த எங்கள் பெரியம்மா இந்த விஷயத்தில் எங்களுக்கெல்லாம் ஆசிரியை ஆனார். எச்சில் தட்டுகளை முதலில் பழைய செய்தித்தாளால் வழித்துத் துடைத்து, அரிசி களைந்து வைத்த நீரில் ஒரு முறை தேய்த்து, கடைசியில் ஒரு சிறு சட்டி நல்ல நீரில் அலசி எடுத்து, 11 தட்டுகளையும் இரண்டு லிட்டருக்குள் முடித்துவிடுவார்.

முகாம் இடத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். காய்ந்த ஆற்றுப்படுகை மணல் மெத்தையாகத் தெரிந்தாலும், எங்கோ பெய்த மழை திடீர் வெள்ளமாக வரக்கூடும் என்பதால் அதில் கூடாரம் அடிக்கக் கூடாது. தீ மூட்டத் தடை உண்டா என்று அன்றன்றே விசாரியுங்கள். உணவை வண்டிக்குள் பூட்டி வைக்காவிட்டால் டிங்கோ நாய்கள் தேடி வரும். இரவில் கழிப்பறைக்குப் போகிற பிள்ளைக்குக் காலணியும் கைவிளக்கும் பெரியவர் ஒருவர் துணையும் கட்டாயம் தேவை.

உலுருவில் தேசியப் பூங்காவுக்குள் தங்க முடியாது, வெளியே உள்ள யூலாரா முகாமில் முன்பதிவு செய்ய வேண்டும். அந்தப் பாறை, அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்குப் புனிதமானது. அதன் மேல் ஏறுவது 26 அக்டோபர் 2019 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அடிவாரத்தைச் சுற்றிச் சுமார் 10 கிலோமீட்டர் நடக்கலாம். சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். நம் கோயில் மூலஸ்தானத்தின் முன் எப்படி நடந்துகொள்வோமோ அப்படியே அங்கும் நடந்துகொள்ள, பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

ஊர்களைத் தாண்டினால் கைப்பேசி வேலை செய்யாத நீண்ட தூரங்கள் உண்டு. செயற்கைக்கோள் தொலைபேசியோ அவசரச் சமிக்ஞைக் கருவியோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நம் 999 போல அங்கே அவசர எண் 000. 1928ஆம் ஆண்டு முதல் அந்தப் பரந்த வெளியில் நோயாளிகளுக்கு விமானத்தில் மருத்துவம் கொண்டுபோகும் பறக்கும் மருத்துவர் சேவை இருந்தாலும், அது வந்து சேரும் வரை தாக்குப்பிடிப்பது நம் கையில் இருப்பதால், பெரியவர்களின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் கடிதத்தோடு கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வண்டி நின்றுபோனால் உதவி தேடி நடக்கத் தொடங்காமல், அதன் நிழலிலேயே எல்லாரும் இருக்க வேண்டும். தேடி வருகிறவர்களின் கண்ணுக்கு வண்டிதான் முதலில் படும்.

தினமும் காலையில் புறப்படுமுன், தோட்டத்துப் பெரட்டைப் போல எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, தலையெண்ணி, தண்ணீர்க் கலன்களையும் டயர்களையும் ஒருவர் பார்த்து உரக்கச் சொல்லும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இதையும் கூடாரம் அடிப்பதையும் ஒரு மாதம் முன்பே ஒரு சனிக்கிழமை இரவு ஊர்த் திடலில் ஒத்திகை பாருங்கள். எங்கள் ஒத்திகையில் ஒரு கூடாரத்துக்கு நான்கு ஆணிகள் குறைவாக இருப்பதும், இருந்தவையும் இறுகிய தரையில் வளைந்துபோவதும் தெரிந்தன. மறுநாளே பட்டணத்து இரும்புக் கடையில் தடித்த எஃகு ஆணிகளும் ஒரு சுத்தியலும் வாங்கி வைத்தோம்.