ஓய்வுபெற்ற பேஸ்போல் வீரரிடம் கையெழுத்து வாங்குவது எப்படி (ஒரு முத்திரையால் ஆறு மாதம் போன கதையோடு)

என் அலுமாரியில் இப்போது பதினொரு கையெழுத்துப் பந்துகளும் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய, வீரர் படம் போட்ட அட்டைகளும் இருக்கின்றன. முதலாவது கையெழுத்து வருவதற்கு முன் ஆறு மாதம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்து ஏமாந்திருக்கிறேன். பிழை வீரரிலும் இல்லை, தபால்காரரிலும் இல்லை. நான் ஒட்டிய முத்திரையில் இருந்தது. அது கீழே மூன்றாம் படியில் வருகிறது. அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம்.

பேஸ்போல் விதிகளை இங்கே விளக்கப் போவதில்லை. 1993 இல் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணிக்கு உலகத் தொடரை வென்று கொடுத்த அந்தக் கடைசி ஹோம் ரன்னை (எல்லைக்கு வெளியே பறக்க அடித்து எடுக்கும் ஓட்டம்) ஜோ கார்ட்டர் அடித்தபோது, அது ஏன் பெரிய விடயம் என்று விளங்காமலே அதே நகரின் ஸ்காபரோவில் ஒரு வாடகை அறையில் துள்ளிக் குதித்த கூட்டத்தில் நானும் ஒருவன். விதிகளைப் பிறகுதான் படித்தேன். கையெழுத்துச் சேர்க்கும் பைத்தியம் அதற்கும் பிறகு, மகனுக்குப் பத்து வயதானபோது பிடித்தது.

முதலாம் படி: யாரிடம் கேட்பது

இப்போது ஆடிக்கொண்டிருக்கும் நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள். மைதானத்து வேலியோரம் இரண்டு மணி நேரம் நின்றாலும் ஓடுகிற ஓட்டத்தில் கிறுக்கிய ஒரு வளைகோடுதான் கிடைக்கும். ஓய்வுபெற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது. அதோடு பழைய தலைமுறையின் கையெழுத்தில் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். மினசோட்டா ட்வின்ஸ் அணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஹார்மன் கில்லப்ரூ (573 ஹோம் ரன்கள்), ரோரி ஹன்ரர் போன்ற இளைய வீரர்கள் கிறுக்குவதைப் பார்த்துவிட்டு, வாசிக்கக்கூடிய மாதிரி எழுதப் பழகு என்று பிடித்துத் திருத்தியவர். இதை ஹன்ரரே சொல்லியிருக்கிறார். கில்லப்ரூவின் கையெழுத்தைப் பார்த்தால் கொப்பி எழுதிப் பழகிய பிள்ளையின் எழுத்துப் போல இருக்கும்.

எடுத்த எடுப்பில் மிகப் பெரிய பெயருக்குப் போகாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் காசு கட்டிப் போகும் நிகழ்வுகளில்தான் கையெழுத்திடுவார்கள். அதற்கு ஒரு படி கீழே, ஓல் ஸ்டார் ஆட்டத்துக்கு (பருவத்தின் நடுவில் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆட்டம்) ஒன்றிரண்டு தடவை தெரிவானவர்களிடம் தொடங்குங்கள். அவர்களிடமிருந்து பதில் வருவதற்கான வாய்ப்பு அதிகம்.

நான் இந்தப் பக்கம் வந்ததே ஃபேர்கி ஜென்கின்ஸுக்காக. ஒன்ராறியோ சாத்தம் நகரில் பிறந்த பந்துவீச்சாளர். சிக்காகோ கப்ஸ் அணியில் 1967 முதல் 1972 வரை தொடர்ந்து ஆறு பருவம் இருபதோ அதற்கு மேலோ வெற்றி. 1971 இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது. மொத்தம் 3,192 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது), கொடுத்த வோக் (நான்கு பிழைப் பந்தால் மட்டையாளரைச் சும்மா முதல் தளத்துக்கு விடுவது) ஆயிரத்துக்கும் குறைவு. 1991 இல், நியூயோர்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்போல் புகழ் மண்டபத்துக்குள் போன முதல் கனேடியர். கோடை முழுக்கப் பந்து வீசிவிட்டு, பருவம் முடிந்ததும் ஹார்லெம் குளோப்ரொட்டர்ஸோடு கூடைப்பந்தும் ஆடியிருக்கிறார். மனிதருக்கு ஆறடி ஐந்து அங்குல உயரம்.

இரண்டாம் படி: எதில், எந்தப் பேனையால்

பந்தென்றால் நீல நிறக் குமிழ்முனைப் பேனை. இதில் என்னோடு வாதாட வேண்டாம். மார்க்கரால் எழுதினால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். சில வருடத்தில் மை தோலுக்குள் ஊறி ஓரமெல்லாம் பஞ்சு போலப் பிசிறும். ஜெல் பேனை கை பட்டாலே இழுபடும். கடையில் கட்டாக விற்கும் சாதாரண பிக் மீடியம் போதும். பொத்தானை அழுத்தித் திறக்கும் வகையாகப் பாருங்கள். மூடி வைத்த பேனையை நீட்டினால், மூடியை யார் பிடிப்பது என்பதிலேயே உங்களுக்குக் கிடைத்த பத்து விநாடி போய்விடும்.

கிரிக்கெட் பந்தில் கையெழுத்து வாங்கிப் பழகியவர்களுக்கு ஒரு சொல்: அந்த மினுக்கிய சிவப்புத் தோலில் மை வழுக்கும். பேஸ்போல் பந்தின் வெள்ளைத் தோல் கடதாசி போல மையை வாங்கிக்கொள்ளும். ரோலிங்ஸ் நிறுவனத்தின் அதிகாரபூர்வ மேஜர் லீக் (பேஸ்போலின் உயர்மட்ட லீக்) பந்தையே வாங்குங்கள். மலிவான பந்துகளில் இருப்பது செயற்கைத் தோல். தையல் இரண்டு பக்கமும் நெருங்கி வருகிற ஒடுங்கிய வெள்ளைப் பட்டைதான் ஸ்வீட் ஸ்பொட். அதிகாரபூர்வப் பந்தில் அப்படி இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்றில் லீக்கின் தலைவரான ஆணையாளரின் கையெழுத்து அச்சிட்டிருக்கும். மற்ற வெறும் பட்டை உங்கள் வீரருக்கு. ஆட்டத்தில் பாவித்த பந்து கிடைத்தால் அதைத் தனியாக வையுங்கள். ஆட்டத்துக்கு முன் வழுக்காமல் இருக்க டெலவேயர் ஆற்றுச் சேறு தேய்ப்பார்கள். அந்த மங்கல் நிறத்தில் நீல மை எடுபடாது.

அட்டையென்றால் நுனி மெல்லிய ஷார்ப்பி மார்க்கர். புதிய அட்டைகளின் மினுக்கத்தில் மை குமிழ் குமிழாகத் திரளும். குழந்தைப் பவுடரைத் தொட்டுப் பஞ்சால் மெதுவாக ஒரு தடவை தேய்த்துத் துடைத்துவிட்டால் சரி. எனக்குப் பிடித்தது பழைய ஓ-பீ-சீ அட்டைகள். ஒன்ராறியோ லண்டனில் அச்சானவை, முதுகில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கும். மினுக்கமே இல்லாத மட்டை, பவுடர் வேண்டாம். பழைய அட்டை விற்கும் கடைகளில் சாதாரண வீரர்களின் அட்டை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

மூன்றாம் படி: தபாலில் கேட்பது (இங்கேதான் விழுந்தேன்)

முறை எளிது. ஒரு கடிதம், கையெழுத்திட ஒன்றோ இரண்டோ அட்டை, உங்கள் முகவரி எழுதி முத்திரை ஒட்டிய திரும்பு உறை. மூன்றையும் ஒரே உறையில் போட்டு வீரரின் பழைய அணியின் முகவரிக்கு, அவர் பெயர் குறிப்பிட்டு அனுப்புகிறோம். சிலர் தங்கள் அறக்கட்டளைக்கு ஒரு தொகை கேட்பார்கள், அதை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்து இணையத்தில் பரப்புகிற வேலை வேண்டாம். என்னிடமும் கேட்காதீர்கள்.

2011 இல் கனடா தபால் நிறுவனம் கறுப்பின வரலாற்று மாதத்துக்காக ஃபேர்கி ஜென்கின்ஸ் படம் போட்ட முத்திரை வெளியிட்டது. ஆசையில் கட்டாக வாங்கி வைத்திருந்தேன். முதல் முதலாக அமெரிக்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற வீரர்கள் நான்கு பேருக்கு எழுதியபோது, திரும்பு உறை ஒவ்வொன்றிலும் ஜென்கின்ஸ் முத்திரையை வடிவாக ஒட்டினேன். பார்க்கிற வீரருக்கும் சந்தோஷமாக இருக்குமே என்று நினைப்பு.

ஒன்றும் வரவில்லை. மூன்று மாதம், நான்கு மாதம். மகன் தபால்பெட்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். ஒருநாள் நியூ ஜேர்சியில் இருக்கும் மச்சானிடம் தொலைபேசியில் புலம்பினேன். அவன் ஒரே கேள்விதான் கேட்டான்: "திரும்பி வாற கடிதத்தை எந்த நாட்டுத் தபால்பெட்டியில போடுவினம்?"

அவ்வளவுதான் விடயம். திரும்பு உறையின் பயணம் அமெரிக்காவில் தொடங்குகிறது. கனடா முத்திரை அங்கே வெறும் படம். நான்கு வீரரும் கையெழுத்திட்டே அனுப்பியிருக்கலாம், ஏதோ ஓர் அமெரிக்கத் தபால் நிலையத்தில் கிடந்திருக்கும்.

ஆகவே போகிற உறையில் கனடா முத்திரை, அதுவும் அமெரிக்காவுக்கான கட்டணத்தில். உள்நாட்டு முத்திரை ஒன்று காணாது. திரும்பு உறையில் அமெரிக்க முத்திரை. அதிலும் அவர்களுடைய சாதாரண "ஃபொறெவர்" முத்திரை அமெரிக்காவுக்குள் போகத்தான். கனடாவுக்கு வர "குளோபல் ஃபொறெவர்" வேண்டும். வட்ட வடிவமாக இருக்கும், பார்த்தவுடன் தெரியும். விலை அச்சிட்டிருக்காது. கட்டணம் ஏறினாலும் பழையது செல்லும் என்பதால் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோ பக்கம் போகும்போது பத்திருபது வாங்கி வைத்துவிடுவேன். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் வரைக்கும் ஒன்று போதும். சமையலறைத் தராசில் ஒருதரம் வைத்துப் பாருங்கள். முகவரியின் கடைசி வரியில் கனடா என்று தனியாக, பெரிய எழுத்தில் எழுத மறக்க வேண்டாம்.

திரும்பு உறையின் உள்மடலில் வீரரின் பெயரைப் பென்சிலால் சின்னதாக எழுதி வையுங்கள். வாசிக்க முடியாத கையெழுத்தோடு ஓர் அட்டை வந்தால் யாருடையது என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை.

கடிதத்தைக் கையால் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் இரசிகன், நீங்கள்தான் உலகத்திலேயே சிறந்தவர் என்றெல்லாம் எழுதினால் அது எல்லாருக்கும் போகிற கடிதம் என்று அவருக்குத் தெரியும். அவர் ஆடிய ஓர் ஆட்டத்தை, நீங்கள் கண்ட ஒரு காட்சியைச் சொல்லுங்கள். மகனின் பெயரை எழுதிக் கையெழுத்திடச் சொல்லிக் கேளுங்கள். பெயர் போட்ட அட்டையை விற்பது கடினம். அதனால் விற்பதற்காகக் கேட்கவில்லை என்பது அவருக்கு விளங்கும்.

பின்சேர்க்கை: மொன்றியலிலிருந்து ஒரு வாசகர், அட்டையைக் கடினமான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அனுப்பியதாகவும் கூடுதல் கட்டணம் கேட்டுத் திரும்பி வந்ததாகவும் எழுதியிருந்தார். கடித உறை இயந்திரத்துக்குள் வளைந்து போகவேண்டும். கடினமான பிளாஸ்டிக் வளையாது. மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, காலை உணவுத் தானியப் பெட்டி மட்டையில் இரண்டு துண்டு வெட்டி இருபக்கமும் வையுங்கள். பந்தைத் தபாலில் அனுப்பலாமா என்றும் சிலர் கேட்டீர்கள். அது பொதியாகப் போகும், சுங்கப் படிவம், திரும்பி வரும் செலவு என்று தலையிடி. பந்து நேரில் மட்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: இங்கிலாந்து லண்டனில் இருந்து கேட்டவருக்கு. ஓம், அதே வட்ட முத்திரை உங்களுக்கும் செல்லும், எந்த நாட்டுக்கும் அதுதான். 2024 நவம்பர் நடுவில் தொடங்கிய கனடா தபால் வேலைநிறுத்தத்தில் என் மூன்று கடிதங்கள் ஒரு மாதம் எங்கேயோ தூங்கின. வேலைநிறுத்தச் செய்தி அடிபடும் காலத்தில் ஒன்றையும் அனுப்பாதீர்கள்.

நான்காம் படி: நேரில்

மூன்று இடம் சொல்கிறேன். பெரிய அட்டைக் கண்காட்சிகள் முதலாவது. வீரர் மேசையில் இருப்பார், நீங்கள் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கவேண்டும். பந்துக்கு ஒரு விலை, பந்தடிக்கும் மட்டைக்கு ஒரு விலை, கூடுதலாக ஏதாவது எழுதச் சொன்னால் அதற்கு வேறு விலை. இரண்டாவது, மார்ச் மாதத்தில் வசந்தகாலப் பயிற்சி முகாம்கள். புளூ ஜேஸ் அணி 1977 இலிருந்தே புளோரிடாவின் டனீடினில்தான் பயிற்சி எடுக்கிறது. பழைய வீரர்கள் விருந்தினர் பயிற்சியாளர்களாக வருவது வழக்கம். பாடசாலை விடுமுறையும் அந்தக் கிழமைகளில்தான் வரும். காலையில் போங்கள், மதியத்துக்குப் பிறகு போனால் வெயில்தான் மிச்சம். மூன்றாவது, ஜூலைக் கடைசியில் கூப்பர்ஸ்டவுன். புகழ் மண்டபத்தில் புதியவர்களைச் சேர்க்கும் அந்த வார இறுதியில், சின்னஞ்சிறு ஊரின் பிரதான வீதிக் கடைகளில் உங்களுக்குப் பெயர் தெரிந்தவர்கள் எல்லாம் மேசை போட்டு இருப்பார்கள்.

ஜென்கின்ஸிடம் நான் வாங்கியது ஒரு கண்காட்சியில். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, முறை வந்ததும் பந்தையும் பேனையையும் நீட்டினேன். பேனை எழுதவில்லை. குளிரில் காருக்குள் இரவு முழுக்கக் கிடந்த பேனை. முதல் எழுத்தின் பாதி வெறும் பள்ளமாக விழுந்தது, மை இல்லை. அவர் அவசரப்படாமல் மேசையில் கிடந்த தன் பேனையை எடுத்து அதே பள்ளத்தின் மேலேயே எழுதி முடித்தார். அந்தக் கைக்குள் பந்து தேசிக்காய் மாதிரி இருந்தது. கீழே "எச்.ஓ.எஃப். 91" (1991 இல் புகழ் மண்டபம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும் போட்டுத் தந்தார். சாய்த்துப் பார்த்தால் அந்தப் பள்ளம் இன்றைக்கும் தெரிகிறது. ஆகவே இரண்டு பேனை, சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டில். வரிசையில் நிற்கும்போதே ஒரு துண்டுக் கடதாசியில் கிறுக்கிப் பாருங்கள். நீட்டும்போது ஸ்வீட் ஸ்பொட் அவரைப் பார்த்து இருக்கட்டும்.

மேலதிகமாக என்ன எழுதச் சொல்வது என்பது அவரவர் விருப்பம். பீற் றோஸ், பேஸ்போலில் பந்தயம் கட்டியதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரியைப் பந்துகளில் எழுதிக் கொடுத்தவர். அதையும் காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தது.

ஐந்தாம் படி: விலைக்கு வாங்குவதானால்

வாங்காதீர்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 1990களில் சான் டியேகோ வீரர் ரோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துப் பந்துகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். எஃப்.பி.ஐ. நடத்திய "ஒபரேஷன் புல்பென்" விசாரணையில் பெரிய கும்பலே அகப்பட்டது. கைப்பற்றியவற்றுள் அன்னை தெரேசா கையெழுத்திட்ட பேஸ்போல் பந்தும் ஒன்று! அதற்குப் பிறகுதான், 2001 இல், மேஜர் லீக் தன் சொந்த அத்தாட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அவர்களுடைய ஹொலோகிராம் ஒட்டியிருந்தால், கையெழுத்திடும்போது ஓர் ஆள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள், முடிந்துபோன கையெழுத்தைப் பார்த்து இது சரிபோல இருக்கிறது என்று நிபுணர் கருத்துச் சொல்பவை. இரண்டும் ஒன்றல்ல. நான் இரண்டுக்கும் காசு கட்டுவதில்லை. தபாலில் வந்த அட்டையோடு அந்த உறையையும் தபால் முத்திரைக் குறியோடு சேர்த்து வைத்துவிடுகிறேன்.

பந்தை யன்னல் பக்கம் வைக்காதீர்கள். புற ஊதாக் கதிர் தடுக்கும் பெட்டி என்று விற்பார்கள். அதற்குள் வைத்தாலும் வெயில் நீல மையைத் தின்றுவிடும். இருட்டான அலுமாரிதான் சரி. விருந்தாளி கையில் கொடுக்கும்போது தையலில் பிடிக்கச் சொல்லுங்கள். கை எண்ணெய் பட்ட இடம் மஞ்சளாகும்.

அடுத்த மாதம் பஃபலோ போகிறேன். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருப்பவர்களுக்கு வட்ட முத்திரை வேண்டுமென்றால் எழுதுங்கள், வாங்கிய விலைக்கே தருகிறேன். ஜென்கின்ஸ் முத்திரை மட்டும் கேட்காதீர்கள், மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று.