துடிப்பு சீரானாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் சீரற்ற இதயத்துடிப்பில், படபடப்பைவிட அஞ்ச வேண்டியது இரத்தக்கட்டிக்குத்தான். இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதால், இடது மேலறையை ஒட்டிய சிறு பையில், அடைபட்ட மதகடியில் நீர் தேங்குவதைப் போல இரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம் வரும். இந்நோயாளிகளுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ 5 மடங்கு.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை யாருக்குத் தேவை என்பதை வயது, இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் முதலியவற்றுக்குப் புள்ளியிட்டு மருத்துவர் முடிவு செய்வார். 75 வயது ஆகிவிட்டால் அதற்கு மட்டுமே 2 புள்ளிகள். ஆஸ்பிரின் இதற்கு மாற்றாகாது.

இவ்வகையில் பழைய மாத்திரைகளான வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுவோர், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அது வீண் பயம் என்பேன். வாரம் இரண்டு நாள் கீரை உண்பவர் அதே அளவில் தொடரட்டும். மழைக்குக் கொல்லை முருங்கை தழைத்துவிட்டதென்று வாரம் முழுவதும் முருங்கைக்கீரைப் பொரியலாகவே உண்டால்தான் ஐ.என்.ஆர் இறங்கி, மாத்திரையின் பலன் குறையும். அபிக்சாபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் ஒரு வேளை மாத்திரையை விட்டாலும் பாதுகாப்பு விரைவில் குறைந்துவிடும். ஆகவே ஐப்பசி அடைமழைக்கு முன்பே இரண்டு வார மாத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நடவு முடிந்த இடுப்புவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இம்மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். கதிர் அரிவாள் வெட்டினால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டாலோ, மலம் கருத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாடியைப் பார்க்கையில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இந்நோய்க்குப் பொருந்தாது. ஐந்து நிமிடம் திண்ணையில் அமர்ந்து, இரு விரல்களை மணிக்கட்டில் வைத்து, முழு நிமிடமும் எண்ணுங்கள். ஓய்விலும் 110-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். கடைசி மாத்திரையை எப்போது விழுங்கினார் என்பதையும் மருத்துவர் அதற்குமுன் கேட்பார் என்பதால், மாத்திரையின் பெயரையும் வேளையையும் எழுதிய சீட்டு எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.