தோட்டத்து விளக்குக்கு ஒரு சிறு காற்றாலை: நாமே செய்யும் முறை

இங்கே விளக்கப்படுவது 1.2 மீட்டர் விட்டமும் மூன்று இறக்கைகளும் கொண்ட, 12 வோல்ட் பேட்டரி ஒன்றை மின்னேற்றக்கூடிய சிறிய காற்றாலை. கிணற்றடி மோட்டார் அறைக்கோ காவல் குடிசைக்கோ இரண்டு எல்.இ.டி. விளக்குகள், கைப்பேசிக்கு மின்னேற்றம், ஒரு சிறு மின்விசிறி என்ற அளவுக்கு இது போதும். வீட்டு மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக இதைச் செய்ய நினைப்பவர் இந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவது நல்லது: நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் நாள்தோறும் 10 மணி நேரம் காற்று வீசினாலும், இரண்டு மாதத்தில் கிடைப்பது சுமார் 17 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை இதனருகே வைத்துப் பாருங்கள்.

1887-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் மேரிகர்க் ஊரில் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் தம் விடுமுறை இல்லத்துத் தோட்டத்தில் துணிப் பாய்கள் கட்டிய காற்றாலையை நிறுத்தி, பேட்டரிகளை மின்னேற்றி வீட்டுக்கு விளக்கேற்றினார். மிஞ்சிய மின்சாரத்தை ஊர்த் தெருவுக்குத் தருவதாக அவர் சொன்னபோது, அது சாத்தானின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்கள். நாம் செய்யப்போவதும் அடிப்படையில் அவர் செய்ததே.

முதல் படி: காற்றைப் பார்ப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் இறக்கையின் வடிவத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக்கூடக் கம்பத்துக்குச் செலவிடுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். என் முதல் காற்றாலையை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் பொருத்தினேன். அது ஓடியபோதெல்லாம் கீழே படுக்கையறையில் கிரைண்டர் ஓடுவதைப் போன்ற இரைச்சல் கேட்டதே தவிர, பேட்டரிக்குள் ஏதும் போய்ச் சேரவில்லை. ஒரே வாரத்தில் கழற்றினேன்.

காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 1.2 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 1.13 சதுர மீட்டர். அதன் வழியே நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் செல்லும் காற்றில் இருப்பது ஏறக்குறைய 43 வாட், 8 மீட்டர் வேகத்தில் 347 வாட். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. இதில் எந்தக் காற்றாலையாலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பது ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய அறிவியலாளரின் பெயரால் வழங்கும் வரம்பு. பட்டறையில் நாம் செய்யும் ஆலை, மோட்டார், கம்பி ஆகியவற்றின் இழப்பெல்லாம் போக 20 விழுக்காட்டைத் தொட்டாலே மகிழலாம்.

ஆகவே வேகம் சிறிது கூடினாலும் லாபம் பெரிது. திறந்த வெளியில் 3 மீட்டர் உயரத்திலிருந்து 9 மீட்டருக்கு ஏறினால் காற்றின் வேகம் சுமார் 17 விழுக்காடும், அதிலுள்ள ஆற்றல் சுமார் 60 விழுக்காடும் கூடுகின்றன. இறக்கையை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் அந்த 60 விழுக்காடு வராது. மரமும் கட்டடமும் காற்றைக் குலைக்கும். ஒரு தடுப்பின் பின்னே அதன் உயரத்தைப்போல் 20 மடங்கு தூரம் வரையிலும், அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு மேலே வரையிலும் காற்று சுழன்று தடுமாறும். 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட 9 மீட்டர் கூடுதல் உயரத்தில் ஆலை நிற்க வேண்டும் என்பது இதனால் வந்த விதி. சுற்றிலும் தென்னந்தோப்பு உள்ளவர்கள் இந்த வேலையை விட்டுவிட்டுச் சூரியத் தகடு வாங்கிக்கொள்வதே அறிவுடைமை.

தமிழ்நாட்டில் காற்று நிறைந்த இடங்கள் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களுக்கு எதிரே அமைந்தவை: பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே உடுமலை, பல்லடம் பகுதி, செங்கோட்டைக் கணவாய்க்கு எதிரே தென்காசிப் பகுதி, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கம்பம், தேனிப் பகுதி. அங்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் பருவம். உங்கள் இடத்தைச் சோதிக்க, ஒரு நீண்ட மூங்கிலின் உச்சியில் இரண்டு முழ நீளத்துக்குப் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, பருவக் காலத்தில் ஒரு வாரம் கவனியுங்கள். துணி ஒரே திசையில் நீண்டு பறந்தால் இடம் நல்லது. அது மூங்கிலைச் சுற்றிக்கொள்வதும் அவிழ்வதுமாக இருந்தால், காற்று பலமாக வீசினாலும் அந்த இடம் உதவாது. மண்ணும் காகிதமும் தரையிலிருந்து கிளம்பி, சிறு கிளைகள் அசையும்படி காற்று வீசினால் அதன் வேகம் நொடிக்கு 5.5 முதல் 8 மீட்டர் வரை இருக்கும். நமக்கு வேண்டியது அதுவே.

இரண்டாம் படி: மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது

நிலைக்காந்தம் வைத்த நேர்மின்னோட்ட மோட்டாரின் தண்டைச் சுழற்றினால் அது மின்சாரம் தரும். ஆனால் எந்த மோட்டாரும் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. இறக்கையின் நுனி காற்றைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு வேகத்தில் செல்லும் என்று கொண்டால், நொடிக்கு 4 மீட்டர் காற்றில் நம் ஆலை நிமிடத்துக்குச் சுமார் 318 சுற்றுகள் சுற்றும். அந்த வேகத்திலேயே மோட்டார் 14 வோல்ட் தந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரிக்குள் மின்சாரம் நுழையாது.

மோட்டாரின் பெயர்ப்பட்டையில் உள்ள வோல்ட்டை அதன் சுற்று எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். விடை 0.044-க்குக் குறையக் கூடாது. மின்சார ஸ்கூட்டரின் 24 வோல்ட், 2650 சுற்று மோட்டாருக்கு 0.009 தான் வரும், அது பயன்படாது. டிரெட்மில் எனப்படும் நடைப்பயிற்சி எந்திரத்தின் 180 வோல்ட், 4000 சுற்று மோட்டாருக்கு 0.045 வரும். பெரிய ஊர்களின் காயலான் கடைகளில் பழைய டிரெட்மில் வந்து சேர்வது உண்டு.

வாங்குமுன் கடையிலேயே இரண்டு சோதனைகளைச் செய்துவிடலாம். மோட்டாரின் இரு கம்பிகளையும் மல்டிமீட்டரில் இணைத்து, தண்டைக் கையால் நொடிக்கு இரண்டு சுற்று வீதம் சுற்றினால் 5 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துச் சுற்றினால், தண்டு கெட்டித் தேனுக்குள் சுழல்வதுபோல் விரலுக்குப் பாரமாகத் தெரிய வேண்டும். அந்த இறுக்கம் இல்லாத மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ சுருளோ போயிருக்கும். இதே இறுக்கம்தான் பின்னர் நமக்குப் பிரேக்காகவும் பயன்படப்போகிறது.

தண்டின் மரை எந்தப் பக்கம் இறுகுகிறது என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வலது மரையானால், எதிரே நின்று பார்க்கும்போது இறக்கைகள் கடிகார முள்ளின் திசையில் சுற்ற வேண்டும். இடது மரையானால் எதிர்த்திசையில். மாறிப்போனால் காற்றே இறக்கைகளைக் கழற்றிவிடும்.

மூன்றாம் படி: இறக்கைகள்

160 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான பி.வி.சி. குழாயில் 60 சென்டிமீட்டர் நீளத்துண்டு ஒன்று போதும். அதை நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் மூன்று இறக்கைகளும் ஒரு மாற்று இறக்கையும் கிடைக்கும். நான்கு சமபாகங்களைக் குறிப்பதற்கு ஒரு செய்தித்தாளைக் குழாயைச் சுற்றி இறுக்கமாகப் போர்த்தி, விளிம்பு விளிம்போடு சேருமிடத்தில் வெட்டி, பிரித்து, இரண்டாகவும் பின் நான்காகவும் மடித்து, மடிப்புத் தடங்களைக் குழாயின் இரு முனைகளுக்கும் மாற்றிக்கொண்டால் அளவு பிசகாது. ஒவ்வொரு பட்டையும் சுமார் 12.5 சென்டிமீட்டர் அகலம் இருக்கும்.

பட்டையின் அடியில் 8 சென்டிமீட்டர் நீளத்தை முழு அகலத்தோடு விட்டுவிட்டு, அங்கிருந்து நுனியில் 5 சென்டிமீட்டர் அகலம் வரும்படி சாய்வாக ஒரு கோடு வரைந்து, ஹாக்சா பிளேடால் அறுத்தெடுங்கள். இப்போது ஒரு பக்கம் நேர்விளிம்பு, மறுபக்கம் சாய்வு விளிம்பு. குழிந்த பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும். சாய்வு விளிம்பு முன்னே செல்ல வேண்டும். நேர்விளிம்பு பின்னால் வர வேண்டும். போல்ட்டுகள் நேர்விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் உள்ளே அமைய வேண்டும். அப்படிப் பொருத்தும்போது குழாயின் வளைவே இறக்கைக்கு வேண்டிய முறுக்கைத் தந்துவிடுகிறது: அடிப்பகுதி காற்றை நோக்கி நன்றாகத் திரும்பியும், நுனி ஏறக்குறையத் தட்டையாகவும் அமையும். சுழலும் திசையைக் கருதாமல் சாய்வைத் தவறான பக்கத்தில் அறுத்துவிட்டால் மூன்றும் வீண். ஆகவே அறுப்பதற்கு முன் ஓர் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள்.

முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டையாகவும், பின்விளிம்பை மெலிதாகவும் தேய்த்துவிடுங்கள். குழாய் வெயிலில் நொறுங்கும் தன்மை அடையுமாதலால் இரண்டு பூச்சு வண்ணம் அடிப்பது அவசியம். 5 மில்லிமீட்டர் கனமும் 20 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள அலுமினியத் தட்டில், லேத் பட்டறையில் நடுத்துளை போடச் சொல்லி, 120 பாகை இடைவெளியில் இறக்கைகளைப் பூட்டுங்கள். தானே கழலாத நைலான் நட்டுகளும் அகல வாஷர்களும் வேண்டும்.

சமநிலைப்படுத்தும் வேலையில் அவசரப்படக் கூடாது. காற்றில்லாத அறையில், வழுவழுவென்று சுழலும் ஒரு பேரிங்கில் தட்டை ஏற்றி மெல்லச் சுழற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இறக்கை கீழே வந்து நின்றால் அது கனமானது. அதன் பின்விளிம்பை இன்னும் சற்றுத் தேயுங்கள். எந்த இறக்கை வேண்டுமானாலும் கீழே நிற்கும் நிலை வரும்வரை இதைத் தொடர வேண்டும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் இறக்கை நுனி மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் என்பதை நினைவில் கொண்டால் இந்தப் பொறுமை தானாக வரும்.

நான்காம் படி: உடலும் வாலும்

ஒரு சதுரக் குழாயின் முன்முனையில் மோட்டாரும், பின்முனையில் 30 சென்டிமீட்டர் சதுரத் தகடாகிய வாலும் இருக்கட்டும். தகடு கம்பத்திலிருந்து 70 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கம்பத்தின் உச்சியில், ஒன்றுக்குள் ஒன்று தளர்வாக நுழையும் இரண்டு ஜி.ஐ. குழாய்த் துண்டுகளே திரும்பும் அச்சு. நடுவே கிரீஸும் ஒரு பித்தளை வாஷரும் போதும். மோட்டாருக்கு மழை படாமல் தகரக் கூரை ஒன்று வைத்து, அடியில் நீர் வடியத் துளை விடுங்கள்.

ஐந்தாம் படி: கம்பம்

சுற்றிலும் தடுப்பில்லாத வெளியானால், இரண்டு அங்குல 'பி' கிளாஸ் ஜி.ஐ. குழாயில் 9 மீட்டர் கம்பம் நிறுத்தலாம். அடியில் கீல் வைத்து, சாய்த்து இறக்கக்கூடியதாக அமைப்பதே பாதுகாப்பு; ஏறிப் பழுதுபார்க்கும் கம்பத்தை ஒருபோதும் அமைக்காதீர்கள். நான்கு திசையிலும் 5 மில்லிமீட்டர் எஃகு வடங்களை இரண்டு அடுக்குகளாக, அதாவது பாதி உயரத்திலும் இறக்கைக்குச் சற்றுக் கீழும், கட்ட வேண்டும். மேல் வடத்தின் கட்டுமிடம் இறக்கையில் படாதபடி 80 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும். தரையில் நங்கூரங்கள் கம்பத்திலிருந்து குறைந்தது 4.5 மீட்டர் தள்ளிக் காங்கிரீட்டில் பதிய வேண்டும். நொடிக்கு 25 மீட்டர் சூறைக்காற்றில் உச்சியை 40 கிலோவுக்கு மேற்பட்ட விசை தள்ளும். வடத்தைத் தென்னை மரத்திலோ வேலிக்கல்லிலோ கட்டிவைப்பது அந்த விசைக்கு ஈடாகாது. இடியிலிருந்து காக்கக் கம்பத்தின் அடியில் எர்த் கம்பி அடியுங்கள். கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்வாரியக் கம்பியையோ வீட்டையோ தொடாத இடமாகத் தேர்ந்தெடுப்பதும் கட்டாயம்.

ஆறாம் படி: மின்னிணைப்பு

மோட்டாரிலிருந்து வரும் இரு கம்பிகளும் முதலில் பிரேக் சுவிட்சுக்கும், பிறகு மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கும், அதன்பின் 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கும் செல்ல வேண்டும். ரெக்டிஃபையர் இல்லாவிட்டால் காற்றில்லாத நேரத்தில் பேட்டரி மோட்டாரை மின்விசிறிபோல் ஓட்டத் தொடங்கிவிடும். பிரேக் சுவிட்சு மோட்டாரின் இரு கம்பிகளையும் குறுக்கே இணைப்பது. அதை ரெக்டிஃபையருக்கு மறுபுறம் வைத்தால் பேட்டரியையே ஷார்ட் செய்ததாகிவிடும்.

கம்பியின் தடிமனில் சிக்கனம் பார்க்காதீர்கள். கம்பத்திலிருந்து அறை வரை 20 மீட்டர் என்றால் போக வர 40 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 6 ஆம்பியர் ஓடும்போது 1.8 வோல்ட் வழியிலேயே தொலையும், 4 சதுர மில்லிமீட்டரில் 1.1 வோல்ட்.

சூரியத் தகட்டுக்கான சார்ஜ் கன்ட்ரோலரை இதில் பூட்டுவதுதான் தொடக்கநிலையினர் செய்யும் தவறுகளில் மிகக் கேடானது. பேட்டரி நிரம்பியதும் அது தகட்டைத் துண்டித்துவிடும். சூரியத் தகட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. காற்றாலைக்கோ சுமை நீங்கி, கட்டவிழ்ந்த வேகம் வந்து, வோல்ட் எல்லை மீறி ஏறும். இதற்கு வேண்டியது டம்ப் லோட் கன்ட்ரோலர்: பேட்டரி 14.4 வோல்ட்டை எட்டியதும் மிகுதி மின்சாரத்தை வேறொரு சுமைக்குத் திருப்பிவிடும். காரின் 55 வாட் ஹாலஜன் பல்புகள் நான்கை அந்தச் சுமையாக வைத்திருக்கிறேன். ஆடி மாதத்து இரவில் மோட்டார் அறைச் சன்னலில் அவை மினுக்குவதைப் பார்த்து, யாரோ விளக்கணைக்க மறந்துவிட்டார்கள் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து சொன்னதுண்டு. பேட்டரி காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். இந்த அமைப்பை மின்வாரிய இணைப்போடு எவ்விதத்திலும் சேர்க்கக் கூடாது.

ஏழாம் படி: ஏற்றி ஓட்டுதல்

காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில், பிரேக் போட்ட நிலையில், மூன்று பேராகக் கம்பத்தை நிமிர்த்துங்கள். வடங்களைச் சமமாக இறுக்கி, பேட்டரியை இணைத்த பின்னரே பிரேக்கை விடுங்கள். முதல் நாள் மாலை வரை அருகிலிருந்து கேளுங்கள்: சீரான சீறல் கேட்டால் நல்லது, கம்பத்தில் அதிர்வு தெரிந்தால் உடனே இறக்கிச் சமநிலையைத் திரும்பப் பாருங்கள். புயல் அறிவிப்பு வந்தால் காற்று வலுக்குமுன்பே பிரேக் போட்டுச் சாய்த்துவிட வேண்டும். வலுத்தபின் பிரேக் போட்டால் மோட்டாரின் சுருள் கருகும்.

ஆலை காற்றுக்கேற்பத் திரும்பத் திரும்ப, கம்பத்தினுள் தொங்கும் கம்பி முறுக்கேறும். அதன் கீழ்முனையில் ஒரு பிளக் வைத்திருந்தால், மாதம் ஒருமுறை காற்றில்லாத வேளையில் கம்பத்தடியில் பிரேக் போட்டு, பிளக்கைக் கழற்றி, முறுக்கு அவிழும்வரை தொங்கவிட்டு, மீண்டும் செருகிவிடலாம். பிரேக்கை விடுவதற்குமுன் பிளக் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.