கால்வாய் நீரில் நச்சு இருக்கிறதா? மீன் செல்களைக் கொண்டு சோதிக்கும் முறை

சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நம் புளோக்குக்குப் பக்கத்தில் ஓடும் கால்வாய் நீர் பெரும்பாலும் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டு, நம் வீட்டுக் குழாய்க்கே வருகிறது. அதில் என்ன கலக்கிறது என்று கவலைப்பட நமக்கு எல்லா நியாயமும் உண்டு.

மீன்களைத் தொட்டியில் விட்டு, 96 மணி நேரத்தில் எத்தனை சாகின்றன என்று எண்ணுவது பழைய முறை. அந்த மீன்களைக் கொல்லாமலே ஓரளவு விடை காண வழி இருக்கிறது. செவுள் செல்களைக் கொண்டு செய்யும் இந்தச் சோதனையை ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 2021ல் 249ஆம் எண் வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டது. பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வகத்தில், மேற்பார்வையாளர் துணையோடு செய்து பார்க்கலாம்.

செல்லைத் தயார்செய்தல்

தேவையானது ஆர்டிகில்-டபிள்யூ1. ரெயின்போ டிரவுட் மீனின் செவுளிலிருந்து கனடாவில் உருவாக்கி, 1994ல் வெளியிடப்பட்ட செல் வரிசை இது, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கக்கூடிய செல்கள். எல்-15 என்ற ஊட்டக் கரைசலில் வளர்வதால் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் வேண்டாம். ஆனால் 19 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் ஊர் ஏர்கான் அறையை நம்பாதீர்கள், குளிரூட்டும் வசதியுள்ள இன்குபேட்டரே சரி. 24 குழித் தட்டில் செல்களை விதைத்து, குழியின் அடியில் சீரான படலமாக ஒட்டும்வரை காத்திருங்கள்.

நீர் எடுத்தல்

கண்ணாடிப் புட்டியில் எடுங்கள். பிளாஸ்டிக்கில் சில ரசாயனங்கள் ஒட்டிக்கொள்ளும். மழைக் காலத்தில் கால்வாயில் நீர் சட்டென்று ஏறும், உள்ளே இறங்கவே கூடாது. பிறகு 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள். பாக்டீரியாக்கள் போய்விடும், ஆனால் மண் துகளில் ஒட்டியிருக்கும் மாசும் சேர்ந்தே போய்விடும். இதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

உப்புச் சமநிலை: இங்கே அவசரப்படாதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது. கால்வாய் நீரில் உப்பு மிகக் குறைவு. அதை அப்படியே செல்மேல் ஊற்றினால், நீர் உள்ளே புகுந்து செல் உப்பி வெடித்துவிடும். நச்சே இல்லாவிட்டாலும் வெடிக்கும். அதைப் பார்த்துவிட்டு “கடும் நச்சு” என்று எழுதினால், முடிவு அடியோடு தவறு.

ஆகவே எல்-15இன் எளிய வடிவமான எல்-15/ஈஎக்ஸ் கரைசலின் உப்புகள், கேலக்டோஸ், பைருவேட் மூன்றையும் அடர்கரைசலாகத் தயாரித்து, மாதிரியில் உரிய அளவு கலக்க வேண்டும். அதே அடர்கரைசலைத் தூய நீரில் கலந்தால் அதுதான் உங்கள் கட்டுப்பாடு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் நச்சில்லாத மாதிரி. இரண்டின் ஆஸ்மோலாலிட்டியும் (கரைந்துள்ள துகள்களின் செறிவு) பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள். சீரம் சேர்க்காதீர்கள், அதன் புரதங்கள் நச்சைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சோதனை நச்சைச் சரியாகக் காட்டுகிறதா என்று உறுதிப்படுத்த, நச்சு என்று தெரிந்த 3,4-டைகுளோரோஅனிலின் உள்ள குழிகளும் வேண்டும்.

மாதிரியைப் படிப்படியாக இரண்டு மடங்கு நீர்த்து, குறைந்தது ஐந்து செறிவுகள் வையுங்கள். 24 மணி நேரம் விடுங்கள்.

சாயம் சொல்வது

ஒரே செல்லை மூன்று சாயங்களால் மூன்று கேள்விகள் கேட்கிறோம். அலமார் புளூ, உயிர்ப்புள்ள செல்லில் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். இது வளர்சிதை மாற்றத்தைக் காட்டும். சிஎஃப்டிஏ-ஏஎம் செல் சவ்வு சிதையாமல் இருக்கிறதா என்று சொல்லும். நியூட்ரல் ரெட், செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பைகளான லைசோசோம்களின் நிலையைச் சொல்லும். முதல் இரண்டையும் ஒன்றாக ஊற்றி, இருட்டில் 30 நிமிடம் வைத்து அளக்கலாம். மூன்றாவது அதற்குப் பிறகு. ஒளிர்வைத் தட்டு அளவியில் படித்து, கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டுச் சதவீதமாக்கி, பாதிச் செயல்பாடு குறையும் செறிவைக் கணக்கிடுங்கள். வெவ்வேறு நாள் வளர்த்த செல்களில் மூன்று முறையாவது செய்யாமல் எதையும் அறிவிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை

செவுள் செல்லுக்கு நரம்பு கிடையாது. கொசு மருந்துகளில் வரும் பைரித்ராய்டு போன்றவை மீனின் நரம்பைத் தாக்குபவை. அவற்றின் கடுமையை இந்தச் சோதனை குறைத்தே காட்டும். புகையடித்த பகுதியின் கால்வாய் நீரில் செல்கள் நலமாக இருந்தாலும், பூச்சிக்கொல்லிக்கான ரசாயனப் பகுப்பாய்வையும் சேர்த்தே செய்யுங்கள்.