டட்சன் சன்னிக்குப் பழைய கறுப்பு

அப்பாட 1980 டட்சன் சன்னி கார் மட்டக்களப்புக் கல்லடி வெயிலில நிண்டு நிண்டு, டேஷ்போர்டும் கதவு ஓரப் பிளாஸ்டிக்கும் சாம்பலாகிப் போச்சு. வெயிலின் புறஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை உடைக்கிறதாலதான் அந்த வெளிறல். எண்ணெய் பூசினால் ரெண்டு நாள் மினுங்கும், அவ்வளவுதான். சிலிக்கன் பொலிஷ் பூசினதெண்டால் பிறகு பெயிண்டும் ஒட்டாது.

துண்டுகளைக் கழற்றுங்கோ. பழைய கிளிப் சட்டெண்டு முறியும். இளஞ்சூட்டுத் தண்ணித் துணியை வைச்சு இளக்கிக் கழற்றுறது நல்லம். பாத்திரம் கழுவுற சோப்பும் பழைய பல் துலக்கியும் போட்டுத் தேய்ச்சு, நல்லாக் காய விடுங்கோ. 600ஆம் நம்பர் சாண்ட்பேப்பரால மெல்லமா உரசி, ஐசோபுரொப்பைல் அல்ககோலால துடையுங்கோ. பெயிண்ட் தின்னர் மட்டும் வேண்டாம், ஏபிஎஸ் எண்ட வகைப் பிளாஸ்டிக்கைக் கரைச்சுப்போடும்.

பிறகு பிளாஸ்டிக் பிரைமர், அதுக்கு மேல மினுக்கமில்லாத கறுப்பு வினைல் ஸ்பிரே. ஒரேயடியா அடிக்காம, பத்துப் பத்து நிமிசம் விட்டு மூண்டு மெல்லிய பூச்சு. முகமூடி கட்டாயம்.

நேரம்தான் முக்கியம். கச்சான் எண்ட வறண்ட தென்மேற்குக் காத்து கிளம்பினா மண்தூசி ஈரப் பெயிண்டில ஒட்டும். காலமையே அடிச்சு முடியுங்கோ. மார்கழி மழை ஈரத்தில தொடவே தொடாதேங்கோ, பூச்சு வெளிறிப்போகும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் திரும்பப் பூட்டினன்.