ஜப்பான் வீட்டுக் குளிரில் சுகமாக இருப்பது எப்படி?

டோக்கியோவில் முதல் குளிர்காலத்தைப் பார்க்கிற நம்மாட்கள் எல்லோரும் ஒரே புலம்பலைத்தான் புலம்புவார்கள்: "வெளியைவிட வீட்டுக்குள்ளதான் குளிருது." பொய்யில்லை. ஜனவரிக் காலையில் வெளியே 2, 3 டிகிரி இருக்கும். பழைய வாடகை வீடுகளில் ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம். வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. பனி கொட்டும் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் வீட்டைக் கட்டும்போதே குளிரை நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து வருகிறவர்களே டோக்கியோ வீட்டில் நடுங்குவார்கள்.

நாம் என்ன செய்வோம்? இங்கே ஏசி சூடும் தரும்; அதை 28-ல் வைப்போம். சூடு கூரையில் போய் நிற்கும், பாதம் ஐஸாக இருக்கும், கரண்ட் பில் வந்ததும் வேறு விதமாக வேர்க்கும். வீட்டைச் சூடாக்குவதை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்கப் பாருங்கள். இந்த ஊர்ச் சாமான்கள் எல்லாம் அதற்காகச் செய்தவைதான்.

முதலில் நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்குங்கள். கொதட்சு என்று ஒரு குட்டை மேஜை உண்டு. அடியில் ஹீட்டர், மேல்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே நான்கு பக்கமும் தொங்கும் பஞ்சுப் போர்வை. காலை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நிடோரி மாதிரிக் கடைகளில் புதிதாகவே கிடைக்கும். பழைய சாமான் கடையில் இன்னும் மலிவு. போர்வை மட்டும் புதிதாக வாங்குங்கள். மேஜைக்குக் கீழே கனமான விரிப்பு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பாதிச் சூடு தரைக்குப் போய்விடும். முதுகு குளிரும், அதற்கு ஹான்தென் என்ற பஞ்சு வைத்த மேல்சட்டை. சம்மணம் போட்டுப் பழகிய நமக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. இங்கே மேஜை நாற்காலியிலேயே வளர்ந்த பிள்ளைகள்தான் காலை மாற்றி மாற்றி நெளிவார்கள்.

இன்னொரு ரகசியம்: டிசம்பரில் இட்லி மாவு புளிக்காமல் கல்லாகக் கிடக்கிறதா? சாயங்காலம் கொதட்சுவில் உட்காரும்போதே பாத்திரத்தையும் ஒரு மூலையில் தள்ளி வைத்துவிடுங்கள். ஹீட்டருக்கு நேர் கீழே வேண்டாம், பக்கவாட்டில். அடியில் அகலமான தட்டு இருக்கட்டும். மாவு பொங்கிப் போர்வையில் வழிந்தால் அந்த வாடை மார்ச் வரை போகாது. படுக்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போர்வையை இறக்கி விடுங்கள், உள்ளே கதகதப்பு நிற்கும். நீங்கள் அதற்குள்ளேயே தூங்கிவிடாதீர்கள். சூடு குறைவு என்றாலும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும், தொண்டையும் வறண்டு போகும்.

அடுத்தது ஓஃபுரோ, அதாவது ஜப்பானியத் தொட்டிக் குளியல். வீடு பார்க்கப் போகும்போது சமையலறைக்குக் கொடுக்கிற கவனத்தைக் குளியலறைக்கும் கொடுங்கள். கழிப்பறையும் தொட்டியும் ஒரே அறைக்குள் இருந்தால் வேறு வீடு பாருங்கள் என்பேன். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து குளிக்க இடமும், ஆறிய தண்ணீரைத் திரும்பச் சூடாக்கும் 'ஓய்தாக்கி' பொத்தானும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பொத்தானை அழுத்தினால் தொட்டி தானே நிரம்பும், ஒரு மெட்டு வாசிக்கும், குளியல் தயார் என்று ஒரு பெண் குரல் சொல்லும். உடனே உள்ளே இறங்கக் கூடாது. வெளியே குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்பு, ஷாம்பு, அலசல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் தொட்டி. என் மாமியார் வந்திருந்தபோது ஷவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முக்காலியைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த சின்ன வாளியைப் பார்த்தார், மொண்டு ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

குளித்து முடித்ததும் அடைப்பைப் பிடுங்கிவிடாதீர்கள். வீட்டில் அத்தனை பேருக்கும் அதே தண்ணீர்தான். "அடுத்தவங்க குளிச்ச தண்ணியிலயா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரே பதில்: அழுக்கை வெளியிலேயே கழுவிவிட்டோமே! மூடியைப் போட்டு வைத்தால் சூடு நிற்கும். மறுநாள் அந்தத் தண்ணீரைக் குழாய் வைத்து வாஷிங் மெஷினுக்கு இழுத்துக்கொள்ளலாம். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர்.

சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர்கள் அன்றைக்குத் தொட்டிக்குள் இறங்க வேண்டாம். ஓய்தாக்கி அதே தண்ணீரைத்தான் குழாய் வழியே சுற்றிக் கொண்டுவருகிறது. உள்ளே பிசுக்கு ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

வயதானவர்கள் இருந்தால் கவனம். உடை மாற்றும் இடம் ஐஸ், தண்ணீர் கொதி என்று இருந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும். 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம் என்று இங்கே அரசாங்கமே சொல்கிறது. இறங்கும் முன் உடை மாற்றும் இடத்தில் சின்ன ஹீட்டரைப் போட்டு வையுங்கள்.

படுக்கைக்கு ஃபுதோன் (தரையில் விரிக்கும் பஞ்சு மெத்தை) உலர்த்தும் இயந்திரம் ஒன்று வாங்கிவிடுங்கள். படுக்கும் முன் அதன் குழாயைப் போர்வைக்குள் விட்டு ஓட விட்டால், ஜில்லென்ற மெத்தைக்குள் கால் நீட்டும் தண்டனை தீர்ந்தது. மழைக்காலத்தில் பூஞ்சைக்கும் அதுவே மருந்து.

கழிப்பறை பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். டோட்டோ நிறுவனம் 1980-ல் வாஷ்லெட் என்ற, தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இருக்கையை விற்க ஆரம்பித்தது. தண்ணீரும் உண்டு, சூடான இருக்கையும் உண்டு. தமிழனுக்கு வேறென்ன வேண்டும்? பழைய வீட்டில் இல்லையென்றால், கழிப்பறைக்குள் மின் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்கி மாட்டலாம். கழற்றிய பழைய இருக்கையைத் தூக்கி எறியாதீர்கள், காலி செய்யும்போது அதைத் திரும்ப மாட்டிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாகக் கரண்ட். இங்கே 100 வோல்ட்; நம்மூர் மிக்ஸி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சரியாக ஓடாது. பல வீடுகளில் 30 ஆம்பியர்தான், அதாவது மொத்தம் 3 கிலோவாட். ஏசி, மைக்ரோவேவ், ரைஸ் குக்கர், ஹேர் டிரையர் நான்கும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுந்து வீடு இருட்டாகும். பதறாமல் ஒன்றிரண்டை அணைத்துவிட்டு, பெட்டியில் சுவிட்ச் விழுந்திருந்தால் மேலே தள்ளுங்கள். அடிக்கடி விழுந்தால் மின் நிறுவனத்திடம் சொல்லி 40 ஆம்பியராக மாற்றிக்கொள்ளலாம். மாத அடிப்படைக் கட்டணம் கொஞ்சம் கூடும்.