காலிப்பரில் முறிந்து நின்ற பிளீடர் ஸ்க்ரூ

பிரேக் ஆயிலை மாற்ற அமர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பக்க இடது காலிப்பரின் (பிரேக் பேடுகளை அழுத்தும் பாகம்) பிளீடர் ஸ்க்ரூ, அதாவது ஆயிலையும் அதில் சிக்கிய காற்றையும் வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு, ஸ்பானரை ஒருமுறை அழுத்தியதுமே கழுத்தோடு முறிந்து கையில் வந்துவிட்டது. அதன் ரப்பர் மூடி எப்போதோ தொலைந்திருந்ததால், நடுத்துளை வழியே நீர் இறங்கி உள்ளே துருவேறியிருந்தது. கவனிக்காத குற்றம் என்னுடையதுதான்.

முறிந்த திருகின் துளைக்குள் இறக்கித் திருகி வெளியே எடுக்கும் கருவியான எக்ஸ்ட்ராக்டரை இறக்க நான் துணியவில்லை. பிளீடர் உள்ளீடற்றது என்பதால், அது விரிந்து மரையை மேலும் இறுக்கிவிடக்கூடும்; எக்ஸ்ட்ராக்டரே உள்ளே ஒடிந்துவிட்டால், அதன் கடினத்தைச் சாதாரண டிரில் பிட்டால் துளைக்க இயலாது. ஆகவே காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனையும் ரப்பர் சீல்களையும் எடுத்துவிட்டு, சோப்பு நீரால் கழுவி நன்றாக உலர்த்தியபின் வெல்டரிடம் கொண்டுசென்றேன். (குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தெளித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் நச்சுவாயு கிளம்பும்.)

அவர் முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளையை வெல்டிங்கால் நிரப்பினார். சிவப்பு மங்கியதும் ஸ்பானரைப் பொருத்தி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தபோது, துருப்பொடி உதிர, கிரீச்சென்ற ஒலியோடு துண்டு வெளியே வந்தது.

ஆயில் கசியாமல் அடைப்பது மரை அன்று, அடியில் பிளீடரின் நுனி அமரும் கூம்பு வடிவ இருக்கையே என்பதால், அதில் கீறல் இல்லை என்பதை டார்ச் ஒளியில் உறுதிசெய்துகொண்டேன். பிறகு புதிய சீல்களும் புதிய பிளீடரும் பொருத்தி, காற்றை வெளியேற்றினேன்.